பாவித்த மெட்டல் டிடெக்டர் வாங்கியவர்களுக்கு: தோண்டுமுன் தெரிந்திருக்க வேண்டியவை

வசந்தகாலம் தொடங்கியதும் கார் பூட் சேல்களிலும் ஈபேயிலும் பாவித்த மெட்டல் டிடெக்டர்கள் மலிவாக வரத் தொடங்கிவிடும். யாரோ ஆசைப்பட்டு வாங்கி, இரண்டு முறை தோட்டத்தில் ஓட்டிப் பார்த்து, ஆணியும் சோடாப்பேணியின் வளையமும் மட்டுமே கிடைத்த சலிப்பில் கராஜுக்குள் போட்டுவைத்த கருவிகள் அவை. எம்மவர் வீடுகளிலும் இப்போது அவை ஒன்றிரண்டு உண்டு. சிலர் பிள்ளைகளோடு கடற்கரையில் பொழுதுபோக்க வாங்குகிறார்கள். சிலர், வெளியில் சொல்லாவிட்டாலும், ஊரில் தாட்டுவிட்டு வந்த நகையை நினைத்து வாங்குகிறார்கள்.

நாம் வாங்கியது இந்த இரண்டாவது காரணத்துக்காகத்தான். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது, அம்மா தன் நகைகளில் ஒரு பகுதியைப் பால்மாப் பேணி ஒன்றில் போட்டு, பொலித்தீன் பையால் சுற்றி, கிணற்றுக்கும் தேசி மரத்துக்கும் நடுவில் தாட்டார். அடுத்த ஆண்டு சித்தி குடும்பம் திரும்பிப் போனபோது தேசி மரம் இல்லை. கிணற்றுக்கட்டு உடைந்து கிடந்தது. நாலைந்து இடத்தில் கிண்டியும் பேணி அகப்படவில்லை. பல ஆண்டுகள் கழித்து, நாம் லண்டனில் கணக்கு எழுதிப் பிழைக்கும் காலத்தில், சித்தி தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, மண்ணுக்குள்ள பவுண் கிடந்தாச் சத்தம் போடுற மெசின் அங்க வாங்கலாமாம். வரேக்க ஒண்டு கொண்டு வாவன்."

65 பவுண்ட்ஸ் கொடுத்து ஒரு பழைய கருவியை வாங்கினோம். அதைப் பாவிக்கப் பழகியபோதுதான் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பது விளங்கியது. அந்தப் பழக்கத்தில் படித்தவற்றை இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறோம். கட்டுரையின் பெரும்பகுதி இங்கிலாந்தில் பாவிப்பதைப் பற்றியது. ஊருக்குக் கொண்டுபோகலாமா என்ற கேள்விக்குக் கடைசியில் வருவோம்.

கருவி என்ன செய்கிறது?

பாவித்த சந்தையில் அதிகம் காணப்படும் கருவிகளில் ஒன்று அமெரிக்காவின் டெக்சாஸில் தயாரான கரெட் ஏஸ் 250. 2005இல் சந்தைக்கு வந்தது. நாம் வாங்கியதும் அதுதான். ஆகவே அதையே உதாரணமாக வைத்துக்கொள்கிறோம். இதே காலத்து வேறு கருவிகளும் பெரும்பாலும் இதே முறையில்தான் வேலை செய்கின்றன.

கீழே தட்டுப்போல இருக்கும் பகுதியைக் கொயில் என்பார்கள். அதற்குள் இரண்டு செப்புக்கம்பிச் சுருள்கள் உள்ளன. ஒன்று வினாடிக்கு 6,500 தடவை மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அந்தப் புலம் ஓர் உலோகத்தில் பட்டால் உலோகத்துக்குள் சிறு மின்னோட்டம் சுழலும். அந்த மின்னோட்டம் தானும் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். இரண்டாவது சுருள் அதைப் பிடித்துக்கொள்ளும். திரும்பி வரும் அலை எவ்வளவு பிந்தி வருகிறது என்பதைப் பார்த்து, இது இரும்பா, மின்னை நன்றாகக் கடத்தும் செம்பு, வெள்ளி போன்றதா என்று கருவி ஊகிக்கிறது.

ஊகம் என்ற சொல்லைக் கவனியுங்கள். கருவிக்குப் பவுணைத் தெரியாது. பொருளின் மின்கடத்துதிறன், பருமன், வடிவம் ஆகியவை சேர்ந்து தரும் ஒரே ஒரு அளவுதான் அதற்குத் தெரியும். மெல்லிய பவுண் மோதிரமும் சோடாப்பேணியின் இழுவளையமும் ஏறக்குறைய ஒரே அளவைத் தரும். இந்த ஓர் உண்மையை மனதில் வைத்திருந்தால் பாதி ஏமாற்றம் குறையும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலில் பற்றரி அறையைத் திறந்து பாருங்கள். ஏஸ் 250க்கு நான்கு டபுள்-ஏ பற்றரிகள் போதும். பழைய பற்றரிகளை உள்ளே விட்டிருந்தால் அவை கசிந்து, தகடுகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும். சிறிய பூப்பு என்றால் வினாகிரி தொட்ட பஞ்சால் துடைத்துச் சரிசெய்யலாம். தகடு அரித்துப் போயிருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது கொயிலுக்குப் போகும் வயர். அது கொயிலுக்குள் நுழையும் இடத்தில்தான் அதிகம் மடிந்து வெடிக்கும். கருவியை ஓன் செய்து, கொயிலை அசையாமல் வைத்துக்கொண்டு, வயரை மட்டும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். சத்தம் வந்தால் உள்ளே கம்பி அறுந்திருக்கலாம். கொயிலைத் தண்டோடு பொருத்தும் காதுகள் வெடித்திருக்கின்றனவா, பிளாஸ்டிக் திருகாணியும் றப்பர் வளையங்களும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அங்கே உலோகத் திருகாணியைப் போட்டால் கருவி தன் திருகாணியையே கண்டு கத்திக்கொண்டிருக்கும். கொயிலுக்கு மூடி போட்டிருந்தால் கழற்றி உள்ளே சேர்ந்த மண்ணைக் கொட்டுங்கள். அதுவும் வீண் சத்தத்துக்கு ஒரு காரணம்.

வாங்கப் போகும்போது ஒரு நாணயம், ஓர் இரும்பாணி, விரலில் உள்ள பவுண் மோதிரம் மூன்றையும் சோதனைக்குக் கொண்டு போங்கள். சோதனையை வீட்டுக்குள் செய்ய வேண்டாம். டிவியும் வைஃபையும் சுவருக்குள் ஓடும் மின்வயரும் கருவியைக் குழப்பும். வெளியில் நின்று, கொயிலை மேலே தூக்கி, கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, நாணயத்தைக் கொயிலுக்கு முன்னால் அசையுங்கள். ஏறக்குறைய ஒரு சாண் தூரத்தில் கேட்க வேண்டும். இந்தக் கருவி அசைவில்தான் கேட்கும் என்பதால் நாணயத்தை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் சத்தம் வராது. எமக்கு முதல் நாள் கருவி பழுது என்று தோன்றியதும் இதனால்தான்.

இந்த நிறுவனத்தின் பெயரில் போலிக் கருவிகளும் உலவியிருக்கின்றன. தொடரிலக்கம் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். வைட்ஸ், டெசோரோ போன்ற நல்ல பழைய பெயர்களும் சந்தையில் உண்டு. ஆனால் டெசோரோ 2018இலும் வைட்ஸ் 2020இலும் மூடப்பட்டுவிட்டன. அவற்றை வாங்கலாம். பழுதானால் உதிரிப்பாகம் தேடி அலைய வேண்டியிருக்கும் என்பதை விலையில் கழித்துப் பாருங்கள்.

முதல் கிழமை: வீட்டுத் தோட்டம் போதும்

வாங்கிய அன்றே கடற்கரைக்கு ஓட வேண்டாம். வீட்டுப் பின்தோட்டத்தில் ஒரு மூலையில் ஆணி, பேணி வளையம், இருபது பென்ஸ், ஒரு பவுண்ட் குற்றி, பழைய திறப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றும் ஒரு மீற்றர் இடைவெளியில் வருமாறு நாலு விரற்கடை ஆழத்தில் தாட்டுவையுங்கள். எது எங்கே என்று கடதாசியில் குறித்துக்கொள்ளுங்கள். தாட்கமுன் அந்த நிலத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்துப் பழைய ஆணிகளை எடுத்துவிடுவது முக்கியம். பிறகு ஒரு கிழமைக்கு, நாளுக்குப் பதினைந்து நிமிடம், அவற்றின் மேல் கொயிலை ஓட்டிக் காதைப் பழக்குங்கள்.

ஏஸ் 250 மூன்று விதமாகச் சத்தம் போடும். இரும்புக்குத் தாழ்ந்த ஒலி, நடுத்தரப் பொருளுக்கு நடு ஒலி, மின்னை நன்றாகக் கடத்தும் பொருளுக்கு மணி அடிப்பதுபோல் ஓர் ஒலி. திரையில் பன்னிரண்டு கட்டங்கள் இருக்கும். இடப்பக்கம் இரும்பு, வலப்பக்கம் வெள்ளி. மேலே அச்சிட்டிருப்பவை அமெரிக்க நாணயங்களின் பெயர்கள். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். உங்கள் நாட்டு நாணயம் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று நீங்களே குறித்து, கருவியின் கைப்பிடியில் ஒட்டிவையுங்கள்.

ஓட்டும் முறை விளக்குமாற்றால் கூட்டுவதுபோல் அல்ல. கூட்டும்போது இரண்டு ஓரத்திலும் கை மேலே எழும்பும். கொயில் எழும்பினால் ஆழம் போய்விடும். தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில், தரைக்குச் சமாந்தரமாக, மெதுவாக ஓட்டுங்கள். ஒவ்வோர் ஓட்டமும் முந்திய ஓட்டத்தின் பாதியை மூட வேண்டும். சத்தம் கேட்டால் குறுக்காகவும் ஓட்டிப் பாருங்கள். இரு திசையிலும் ஒரே ஒலி, ஒரே கட்டம் என்றால் தோண்டலாம். ஒரு திசையில் மட்டும் கேட்டு மறுதிசையில் உடைந்தால் பெரும்பாலும் அது ஆணி.

உணர்திறனை, அதாவது சென்சிட்டிவிட்டியை, உச்சத்தில் வைக்க எல்லோருக்கும் ஆசை வரும். எட்டுப் படிகளில் ஐந்து அல்லது ஆறில் தொடங்குங்கள். கருவி தானாகக் கத்தினால் ஒரு படி இறக்குங்கள். மின்கம்பிக்குக் கீழேயும், இன்னொருவர் அருகில் கருவி ஓட்டும்போதும் இப்படிக் கத்தும். காலில் இரும்பு முனை வைத்த வேலைச் சப்பாத்து இருந்தாலும் அதே கதைதான்.

எமது நகைகள் கருவிக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கருவிகளைப் பற்றி எழுதப்பட்ட குறிப்புகள் பெரும்பாலும் வெள்ளையரின் மோதிரங்களை மனதில் வைத்தவை. இங்கே விற்கும் மோதிரங்களில் 9 கரட் அதிகம். அதில் 37.5 வீதம்தான் தங்கம். எமது நகைகள் 22 கரட், 91.6 வீதம். ஆனால் இந்த வித்தியாசத்தைவிட வடிவத்தின் வித்தியாசம்தான் கருவிக்குப் பெரிது.

முழு வளையமாக இருக்கும் காப்பும் மோதிரமும் நன்றாகக் கேட்கும். மின்னோட்டம் தடையின்றிச் சுற்றி ஓட அவற்றில் வழி இருக்கிறது. அதே மோதிரம் ஓரிடத்தில் அறுந்திருந்தால் சத்தம் குறைந்துவிடும். சங்கிலிதான் ஏமாற்றும். ஐந்து பவுண் சங்கிலி என்றாலும் கருவிக்கு அது தனித்தனிச் சிறு கண்ணிகளாகவே தெரியும். மெல்லிய சங்கிலி என்றால் கொயிலுக்கு இரண்டு மூன்று விரற்கடைக்குள் கிடந்தால்தான் கேட்கும், சிலவேளை கொழுக்கி மட்டும் கேட்கும். தாலிக்கொடியில் கொடியைவிடத் தாலிதான் முதலில் சத்தம் தரும். தோடு, மூக்குத்தி என்றால் மிக மெதுவாக ஓட்ட வேண்டும்.

ஏஸ் 250இல் ஐந்து தெரிவுகள் உண்டு. அவற்றில் நாணயத் தெரிவு இழுவளையங்களை ஒதுக்கிவிடும். வசதிதான். ஆனால் அதோடு பவுண் மோதிரமும் ஒதுங்கிவிடும். நகை தேடுகிறவர்கள் நகைத் தெரிவையோ எல்லா உலோகத்துக்குமான தெரிவையோ வைத்துக்கொண்டு, வளையங்களையும் பொறுமையாகத் தோண்டித்தான் ஆக வேண்டும்.

நண்பர் ஒருவரின் மனைவி கொடியில் காயப்போட்ட உடுப்பு எடுக்கும்போது தோடு ஒன்றைப் புல்லுக்குள் தொலைத்தார். அவருடைய அம்மா போட்ட தோடு அது. முதல் முக்கால் மணி நேரம் அங்கும் இங்கும் ஓட்டிப் பயனில்லை. பிறகு நூலைக் கட்டி, தோட்டத்தை ஒரு மீற்றர் அகலப் பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாக முடித்தோம். நாலாவது பாத்தியில், கேட்டும் கேட்காததுமாக ஒரு சத்தம் வந்தது. தோடுதான். சத்தம் வந்த இடத்தை மட்டும் நம்பாமல், தேடி முடித்த இடத்தையும் கணக்கில் எடுத்ததால்தான் அகப்பட்டது. கணக்குச் சரிபார்ப்பதும் இதே வேலைதான்.

இன்னொரு சிறு விசயம். சத்தம் வந்த இடத்தில் கையால் மண்ணை விலக்கிக்கொண்டு கருவியை ஓட்டும்போது கையில் காப்பு, மோதிரம் இருக்கக் கூடாது. கருவி உங்கள் காப்பைக் கண்டுதான் கத்தும்.

கடற்கரையில்

காய்ந்த மணலில் இந்தப் பழைய கருவி நன்றாக வேலை செய்யும். பிள்ளைகளோடு தொடங்க அது நல்ல இடம். தோண்டவும் மூடவும் இலேசு. ஆனால் உப்புத் தண்ணீரில் நனைந்த மணல் தானும் மின்னைக் கடத்தும் என்பதால், அலை வந்து போகும் இடத்தில் ஒற்றை அலைவரிசைக் கருவி ஓயாமல் கத்தும். உணர்திறனை நன்றாக இறக்கிப் பார்க்கலாம். அதற்கும் சரிவராவிட்டால் கருவியில் பிழை இல்லை. அந்த இடத்துக்கு வேறு வகைக் கருவி வேண்டும். கொயிலைத் தண்ணீருக்குள் விடலாம். மேலே உள்ள பெட்டி நனையக் கூடாது. வீடு வந்ததும் கொயிலை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். நீண்ட நாள் வைக்கப் போவதென்றால் பற்றரிகளைக் கழற்றிவிடுங்கள்.

எங்கே தேடலாம்? சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்தில் கருவி வைத்திருக்க உரிமம் தேவையில்லை. ஆனால் எந்த நிலத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், அவருடைய அனுமதி தேவை. பூங்கா என்றால் நகரசபையைக் கேளுங்கள். வயல் என்றால் விவசாயியைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கிடைப்பதை எப்படிப் பங்கிடுவது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். லண்டனின் அரச பூங்காக்களில் பாவிக்க முடியாது. தேம்ஸ் ஆற்றங்கரையில் தேடத் துறைமுக அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் உரிய அனுமதி இல்லாமல் கருவி பாவிப்பது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நிலச் சொந்தக்காரர் சம்மதித்தாலும் அது குற்றம்தான்.

புதையல் சட்டம் 1996இல் இயற்றப்பட்டது. 300 ஆண்டுகளுக்கு மேற்பட்டதும், குறைந்தது 10 வீதம் தங்கமோ வெள்ளியோ கலந்ததுமான நகை, பாத்திரம் போன்ற பொருள் புதையல். அத்தகைய நாணயங்கள் இரண்டோ அதற்கு மேலோ ஒன்றாகக் கிடைத்தாலும் புதையல்தான். 2023 யூலை முதல், 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, வரலாற்று முக்கியத்துவம் மிகுந்த வேறு உலோகப் பொருட்களும் இதற்குள் வந்துவிட்டன. புதையல் என்று தெரிந்து 14 நாட்களுக்குள் மரண விசாரணை அதிகாரிக்கு, அதாவது கொறொனருக்கு, அறிவிக்க வேண்டும். மறைத்தால் மூன்று மாதம் வரை சிறையோ அபராதமோ கிடைக்கலாம். பயப்படத் தேவையில்லை. ஒவ்வொரு பகுதியிலும் இதற்கென ஓர் அலுவலர் இருக்கிறார். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நடத்தும் திட்டத்தின் கீழ் வேலை செய்யும் அவர் பொருளைப் பார்த்து, பதிந்து, வழி சொல்வார். அருங்காட்சியகம் பொருளை எடுத்துக்கொண்டால் அதன் சந்தை மதிப்பு வெகுமதியாக வரும். வழமையில் கண்டெடுத்தவரும் நிலச் சொந்தக்காரரும் அதைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வர்.

ஸ்கொட்லாந்தில் சட்டம் வேறு. அங்கே எந்த உலோகம் என்றாலும், உரியவர் இல்லாத பழம்பொருள் முடிக்குரியது, அறிவித்தே ஆக வேண்டும். வட அயர்லாந்தில் தொல்பொருள் தேடித் தோண்ட உரிமம் வேண்டும். பிரான்சில் வரலாற்றுப் பொருட்களைத் தேடிக் கருவி பாவிக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. ஸ்வீடனிலும் அனுமதி வேண்டும். நோர்வேயில் 1537க்கு முந்திய பொருட்களும் 1650க்கு முந்திய நாணயங்களும் அரசுக்குரியவை. ஜெர்மனியில் மாநிலத்துக்கு மாநிலமும் சுவிஸில் கன்டோனுக்குக் கன்டோனும் விதிகள் மாறும். நீங்கள் இருக்கும் நாட்டின் விதியைப் பார்த்துவிட்டே கருவியை வெளியில் எடுங்கள்.

அண்மையில் தொலைந்த மோதிரம், சங்கிலி போன்றவை புதையல் அல்ல. அவற்றுக்கு உரியவர் இருக்கிறார். அவரைத் தேட நியாயமான முயற்சி எதுவும் செய்யாமல் வைத்துக்கொண்டால் அது திருட்டுக்குள் அடங்கும். எம்மவருக்கு இதில் இன்னொரு பக்கமும் உண்டு. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது நன்னடத்தை பார்க்கப்படும். விசா நிலுவையில் உள்ள ஒருவர் அனுமதியில்லாமல் அடுத்தவரின் வயலில் நின்று பிடிபட்டால், இழப்பது ஒரு கருவியை மட்டுமல்ல.

தோண்டும் முறை

புல்நிலத்தில் நாலு பக்கமும் வெட்டித் தூக்காதீர்கள். மூன்று பக்கம் வெட்டி, நாலாவது பக்கத்தைப் பிணையலாக விட்டு, மூடியைத் திறப்பதுபோல் புரட்டுங்கள். வேர் அறாது. மண்ணை ஒரு துணியில் போட்டு, எடுத்த பிறகு திரும்பக் கொட்டி, புல்லை மூடி, காலால் அழுத்துங்கள். ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் தோண்டிய அடையாளமே இருக்கக் கூடாது. அப்படிச் செய்தால்தான் அந்த விவசாயி அடுத்த முறையும் கேற்றைத் திறப்பார். எடுத்த ஆணி, பேணித் துண்டு, ஈயம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். நாணயம் கிடைத்தால் உரஞ்சிக் கழுவ வேண்டாம். பழைய நாணயத்தின் மதிப்பு அதன் மேற்பரப்பில்தான் இருக்கிறது.

ஒரு சத்தத்தின் கீழ் பல பொருட்கள் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். 1992 நவம்பரில் சபோக் மாவட்டத்தில் ஹொக்சன் என்ற ஊரில், ஒரு விவசாயி தன் சுத்தியலைத் தொலைத்துவிட்டு, கருவி வைத்திருந்த நண்பர் எரிக் லோஸைத் தேடித் தரச் சொன்னார். சுத்தியலைத் தேடிய இடத்தில் றோமர் காலத்துப் பொன்னும் வெள்ளியும் கிடைத்தன. கொஞ்சம் எடுத்ததும் அளவு விளங்கி, அவர்கள் தோண்டுவதை நிறுத்தி அறிவித்தார்கள். அதனால் எஞ்சியதைத் தொல்லியலாளர் ஒழுங்காக எடுக்க முடிந்தது. நாணயங்கள் மட்டும் சுமார் 15,000. அவை ஒரு மரப்பெட்டியில் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதும் தெரியவந்தது. 17.5 இலட்சம் பவுண்ட்ஸ் வெகுமதியாகக் கிடைத்தது. லோஸ் அதை விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். தொலைந்த சுத்தியலும் இப்போது அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.

அந்தப் பெட்டிக்குள் பொற்காப்புகளும் இருந்தன. ஒன்றில் ஜூலியானே என்ற பெண்ணின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், றோமர் ஆட்சி இங்கே முடிவுக்கு வந்த காலத்தில், யாரோ அதைப் பத்திரமாக அடுக்கித் தாட்டிருக்கிறார்கள். திரும்பி வந்து எடுக்கவில்லை. அருங்காட்சியகத்தில் அதன் முன்னால் நின்றபோது எமக்குப் பால்மாப் பேணிதான் ஞாபகம் வந்தது.

வெடிபொருள் என்று சந்தேகம் வந்தால்

இங்கிலாந்தின் வயல்களிலும் கடற்கரைகளிலும் இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் குண்டுகள் இன்றும் கிடைக்கின்றன. செல் போன்ற வடிவம், செட்டை, திருகு மூடி எதுவும் தெரிந்தால் தொடாதீர்கள், துடைக்காதீர்கள், தூக்கிக்கொண்டு போய்க் காட்டாதீர்கள். வந்த வழியே விலகி, இடத்தைக் குறித்துக்கொண்டு, 999க்கு அழையுங்கள். எமது தலைமுறைக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஊருக்குக் கொண்டுபோகலாமா?

எமது பதில்: வேண்டாம். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலாவது மிதிவெடி. பிளாஸ்டிக் உடலும் மிகச் சிறிதளவு உலோகமும் கொண்ட மிதிவெடிகள் அந்த மண்ணில் தாட்கப்பட்டன. நாணயம் தேடும் ஒரு கருவி அவற்றைக் காணும் என்று நம்ப முடியாது. சத்தம் வராத இடம் பாதுகாப்பான இடம் என்று நினைப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. ஹாலோ டிரஸ்ட் போன்ற அமைப்புகள் 2002 முதல் அங்கே வேலை செய்கின்றன. முகமாலை போன்ற இடங்களில் அங்குலம் அங்குலமாக அகற்றும் அந்த வேலைக்குத் தனிக் கருவியும் தனிப் பயிற்சியும் உண்டு. 65 பவுண்ட்ஸ் கருவி அதற்கு ஈடாகாது.

இரண்டாவது சட்டம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருள் தேடித் தோண்ட உரிமம் வேண்டும், தன் சொந்தக் காணியாக இருந்தாலும். புதையல் தேடினார்கள் என்று கருவியோடு கைதானவர்களின் செய்தி வன்னியிலிருந்தும் வேறு மாவட்டங்களிலிருந்தும் அடிக்கடி வருகிறது. அம்மாவின் நகையைத்தான் தேடினேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். விடுமுறைக்குப் போன இடத்தில் அந்த அலைச்சல் யாருக்கும் வேண்டாம்.

மூன்றாவது அந்த மண்ணுக்குள் வேறு என்ன கிடக்கிறது என்பது. 2023 யூனில் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிவந்து, அது மனிதப் புதைகுழி என்று தெரியவந்தது. தெரியாமல் கிண்டும் ஒவ்வொரு மண்வெட்டி வெட்டும் யாரோ ஒரு குடும்பம் தேடிக்கொண்டிருக்கும் விடையை அழித்துவிடலாம்.

நாலாவது கருவியின் குறை. பவுணைப் பேணிக்குள் போட்டுத் தாட்டிருந்தால் கருவி காண்பது பேணியைத்தான். இரும்பை ஒதுக்கும் தெரிவில் ஓட்டினால் துருப்பிடித்த பேணியை அது குப்பை என்று கடந்து போய்விடவும் கூடும். எல்லா உலோகத்தையும் கேட்கும் தெரிவில் ஓட்டினாலோ, முப்பது ஆண்டுப் போருக்குப் பிறகு அந்த வளவில் இரும்பில்லாத இடம் எது?

இதையெல்லாம் சித்திக்குத் தொலைபேசியில் விளங்கப்படுத்த ஒரு மணி நேரம் ஆனது. அவர் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. "உங்களுக்கு அங்க இருந்து சொல்ல இலேசு" என்றார். அதிலும் உண்மை இருக்கிறது. பிறகு நாம் வேறு ஒன்று கேட்டோம். கிணறு எந்தப் பக்கம், தேசி மரம் கிணற்றிலிருந்து எத்தனை எட்டு, என்னென்ன நகை, ஒவ்வொன்றும் எத்தனை பவுண், யாருடையது? சித்தி ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மாவின் அட்டியல், பெரியக்காவின் இரண்டு காப்பு, அம்மம்மாவின் தோடு. நாம் எழுதிக்கொண்டோம்.

எமது தொழிலில் எழுதாத சொத்து இல்லாத சொத்து. தாட்டவர்களின் வயது இப்போது எழுபதும் எண்பதும். அவர்கள் ஞாபகத்தோடு இருக்கும்போதே ஒரு கொப்பியில் படம் கீறி, அளவும் பெயரும் திகதியும் எழுதி, காணி உறுதியின் பிரதியோடு சேர்த்து வையுங்கள். அளவுகளை மரத்திலிருந்து எடுக்காமல் கிணறு, வீட்டு அத்திவாரம் போன்ற அசையாதவற்றிலிருந்து எடுங்கள். ஒரு பிரதியை ஊரில் உள்ள உறவிடமும் கொடுங்கள். என்றாவது அந்த வளவில் வீடு கட்ட அத்திவாரம் வெட்டினால், வெடிபொருள் அகற்றிய நிலம் என்பதை உறுதிசெய்து, கிராம அலுவலருக்கும் பொலிஸுக்கும் முன்கூட்டியே தெரியப்படுத்தி, சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையோடு பார்க்கலாம். அப்போது அந்தக் கொப்பி எந்தக் கருவியையும்விடப் பயன்படும்.

எமது முதல் ஆண்டுக் கணக்கு

செலவு: கருவி 65 பவுண்ட்ஸ், மீள்மின்னேற்றும் பற்றரி 14, ஹெட்போன் 12, கைமண்வெட்டி 18, கையடக்கத் தேடுகருவி 45. மொத்தம் 154. வரவு: நாணயங்கள் 23 பவுண்ட்ஸ் 47 பென்ஸ். உரியவரிடம் சேர்த்த தோடு ஒன்று, மோதிரம் ஒன்று. அவை எமது வரவில் இல்லை. நிகர நட்டம் 130 பவுண்ட்ஸ் 53 பென்ஸ். பெற்றோலும் தேனீரும் சேர்க்கவில்லை.

பணம் பண்ணலாம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். காலையில் பிள்ளைகளோடு வெளியில் நடக்க, மண்ணைப் பார்க்க, ஒரு பொருள் யாருடையது என்று கேட்கப் பழக்க இந்த நட்டம் எமக்குச் சம்மதம். கருவி இப்போதும் கராஜில் இருக்கிறது, பற்றரி கழற்றியபடி. சித்தி சொன்னவற்றை எழுதிய கொப்பி உறுதிப் பிரதியோடு அலுமாரியில் இருக்கிறது. மூத்த மகளுக்கு அது எங்கே என்று காட்டியிருக்கிறோம்.